நாய்க்குக் கிடைத்த 'தி'

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளியிடம் ஆபீஸ் வேலையில் இருந்தேன். ஆபீஸ் என்றால் பாத்திகளுக்கு நடுவே ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு ரேடியோ. நான் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மயிரிழையில் தப்பியவன். முதலாளி பள்ளிக்கூடத்துப் பக்கமே அதிகம் போகாதவர்.

வடக்கேயிருந்து ஓர் அதிகாரி உப்பைப் பார்வையிட வருகிறார், அவருக்குத் தமிழ் தெரியாது என்று சேதி வந்தது. "ஊமை மாதிரி நிக்கக்கூடாதுப்பா. நாமளே இங்கிலீஷ்ல பேசிடணும்" என்றார் முதலாளி.

வெயில் ஏறி ஆட்கள் வீட்டுக்குப் போனதும் இருவரும் ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்போம். பிரைம் மினிஸ்டருக்கு முன்னால் 'தி' வந்தது. பிரசிடெண்டுக்கும் 'தி', கவர்னருக்கும் 'தி'. எங்கோ பிடிபட்ட திருடன் மட்டும் 'ஏ மேன்'.

முதலாளி தொடையைத் தட்டினார். "புரிஞ்சிபோச்சுப்பா! 'தி'ன்னா நம்ம 'ங்க'. நாம வாலுல வைக்கிற மரியாதைய அவன் தலையில வைக்கிறான். மரியாதை கெட்டவனுக்கு 'ஏ'. நாமளும் அப்படித்தானே கூப்பிடுறோம்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அன்று முதல் கொட்டகையில் ஒரே 'தி' மழை. மேஸ்திரி சொன்ன பேச்சைக் கேட்கும் நாளில் 'தி மேஸ்திரி', எதிர்த்துப் பேசினால் 'ஏ மேஸ்திரி'.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முதலாளி கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க ஓடினார். "வெல்கம் தி சார்! தி சிட். தி நுங்கு, தி ஈட்!"

அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் உட்கார்ந்தார், நுங்கும் சாப்பிட்டார். உப்பைக் கையில் அள்ளிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து எங்கள் கொட்டகை நாய் அவருடைய பேண்ட்டைக் கவ்வியது.

"யூ ஆர் ஏ குட் மேன்" என்று முதலாளியிடம் பதறினார். "பட் ப்ளீஸ், டை தி டாக்!"

நாயைக் கட்டிவிட்டு வந்தேன். முதலாளி என்னை உப்புக் குவியலுக்குப் பின்னால் இழுத்துப் போனார். முகம் தொங்கிவிட்டது.

"இன்னாப்பா இது? எனக்கு 'ஏ', நாய்க்கு 'தி'யா?"

"பைரவர்னு நெனைச்சிருப்பாருங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் சமாதானமாகவில்லை. நேரே அதிகாரி முன்னால் போய் நின்று மார்பைத் தட்டினார். "தி சார்! ஐ, தி ஓனர். டாக், ஏ டாக்!"

அதிகாரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு ஏதோ விளக்க, ஜீப் ஓட்டிவந்த பாண்டிச்சேரிக்காரர் அதைத் தமிழில் சொன்னார். "ஏதோ ஒரு நாய்னா 'ஏ'வாம். இவரு பேண்ட்டைக் கவ்வுச்சே, அந்த நாய்னா 'தி'யாம். மரியாதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்களாம்."

"அப்போ தெரிஞ்சவனுக்கு 'தி', தெரியாதவனுக்கு 'ஏ'. அவ்ளோதானே?" என்றார் முதலாளி. அதிகாரி கைகொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

புது விதியை முதலாளி உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் அனுமந்தையிலிருந்த மச்சானுக்கும் ஒரு கல்யாணப் பந்தி விஷயத்தில் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. மறுவாரம் அந்த மச்சான் ஏதோ வேலையாகக் கொட்டகை வாசலுக்கு வந்து தயங்கி நின்றார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ தெரியாத ஆள் என்ற அர்த்தத்தில், "ஏ மச்சான்!" என்றார்.

வாசலில் நின்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. "மச்சான்னு கூப்பிட்டுட்டியே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். முதலாளி அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து விழித்தார். கடைசியில் அவரும் அழுதுவிட்டார்.

மறுநாளிலிருந்து நாங்கள் மூன்று பேராகச் செய்தி கேட்டோம். மந்திரி ஒருவரைப் பற்றி 'ஹேஸ் பீன்' என்று ரேடியோ சொன்னது.

"அவருகிட்ட பீன்ஸ் இருக்குதாம்" என்றார் மச்சான்.