நேரம் சொல்லாத பாட்டு

அந்தத் தையல் கூடத்தில் ஜன்னல் இல்லை. சுவரில் கடிகாரமும் இல்லை. கைபேசிகளைக் காலையிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். இஸ்திரி போடும் அக்காவுக்கு நேரம் சொன்னது மேசையோரம் இருந்த ரேடியோதான். மருத்துவர் பேச்சு முடிந்தால் சாப்பாடு. ஐந்து மணிச் செய்தி தொடங்கினால் வேலை முடிந்தது, மகளைக் கூட்டிவர ஓடுவாள். கால் மணி நேரத்தில் காவலாளி பள்ளிக்கூடக் கேட்டைப் பூட்டிவிடுவார். அதற்குப் பிறகு மகள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

ஒரு நாள் முதலாளியின் மகன் ரேடியோவைப் பரணில் ஏற்றிவிட்டு ஒரு ஸ்பீக்கரை வைத்தான்.

"இன்டர்நெட்ல எல்லாப் பாட்டும் இருக்கு. விளம்பரம் இல்ல, அறுவைப் பேச்சு இல்ல. ஜாலியா வேலை பாருங்க!"

பாட்டு முடிந்தால் இன்னொரு பாட்டு. நடுவில் மனிதக் குரலே கிடையாது. ரேடியோ கேட்பது பழைய காலத்து ஆசை என்று எழுதுகிறவர்களின் கையில் கடிகாரம் இருக்கிறது.

அன்று அவள் வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. பூட்டிய பள்ளிக்கூடக் கேட்டருகே மகள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ செத்துட்டியோன்னு நினைச்சேம்மா."

மறுநாள் அவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு காலர் கருகியது.

"மணி என்ன தம்பி?" என்று முதலாளியின் மகனிடம் கேட்டாள்.

"நேரமானா நான் சொல்ல மாட்டேனாக்கா?"

"நேத்து சொன்னீங்களா?"

கைமடிப்பு தைப்பவள் தலையைத் தூக்கினாள். "எனக்கும் சொல்லுங்க தம்பி."

"எனக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமாச் சொல்லு," என்றார் பட்டன் வைக்கும் பெரியவர்.

"நாலு! போதுமா?"

இன்னும் பல பாட்டுகள் ஓடின. அக்கா மறுபடி கேட்டாள்.

"நாலுதான்."

"அப்பவும் நாலுன்னீங்க. உங்க கடிகாரத்துக்கு வாதம் வந்துடுச்சா?"

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ரேடியோவை இறக்கி, ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேடியோவினுடையதைச் செருகினாள். கரகரப்பு அடங்கியதும் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "ஐந்து மணிச் செய்திகள் இத்துடன் நிறைவடைந்தன."

அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"இப்பப் போனீங்கன்னா நாளைக்கு வராதீங்க!"

அவனுக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. காவலாளி கேட்டைப் பூட்டுவதற்குள் இரண்டு தெருக்களைக் கடக்க வேண்டும்.