முன்வாங்கு ஏலம்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு கோடைகாலம் முழுவதும் நான் பதினெட்டாம் நூற்றாண்டில் வேலை பார்த்தேன். பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம். ஆற்றங்கரையோடு போனால் மரத்தால் கட்டிய ஒரு காட்சிக் கிராமம் வரும். இந்த நாடு பிரெஞ்சு அரசனின் அமெரிக்கக் குடியேற்றமாக இருந்த காலத்தில் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சுற்றுலாக்காரருக்குக் காட்டுவதற்காக அதைக் கட்டியிருந்தார்கள். கொல்லன் பட்டறை, பாண் சுடும் போறணை, தோல் வியாபாரியின் கடை, நடுவில் சின்னதாக ஒரு கத்தோலிக்க மரக்கோயில்.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நான் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கச் சேர்ந்திருந்தேன். வரலாறு படித்து என்ன வேலை எடுக்கப் போகிறீர் என்று கேட்டுக்கொண்டே இருந்த என் கணவரிடம், "இந்தா, எடுத்திட்டன்" என்று வெற்றியோடு சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "உதுவும் அந்தக் காலத்துச் சம்பளம்தான்" என்றார்.

முதல் நாள் வேடம் பிரித்தார்கள். பல்வைத்தியம் படிக்கும் ஒரு மெலிந்த இளைஞன் ஆளுநர் ஆனான். தாடி வைத்திருந்தவன் பாதிரியார். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்: நானும், ஹெய்ட்டியைச் சேர்ந்த ஒரு பெண்ணும். எங்கள் மேலாளர் நரைத்த தலையுடைய நல்ல மனுஷி. யாருடைய மனமும் நொந்துவிடக் கூடாதே என்று எந்நேரமும் பயந்துகொண்டிருப்பவர். எங்கள் இருவரையும் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்கள் பாண்டிச்சேரியா?" என்று என்னைக் கேட்டார்.

"இலங்கை. மன்னார்."

"பாண்டிச்சேரி அந்தக் காலத்தில் எங்களுடையது. மன்னார் அதற்குப் பக்கம்தானே?"

"நடுவில் கடல் இருக்கிறது."

"கடலா! மிக நல்லது. அப்படியானால் நீங்கள் கப்பலில் வந்திருக்கிறீர்கள்."

நான் பாண்டிச்சேரியிலிருந்து வந்து மிளகு விற்கும் சீமாட்டி ஆனேன். ஹெய்ட்டிப் பெண் கரீபியன் தீவிலிருந்து வந்த தொப்பி வியாபாரி ஆனாள். உடை மாற்றும் அறையில் அவள் என்னிடம், "என்னைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் இங்கே இருந்தார்கள். அவர்கள் தொப்பி விற்கவில்லை. அவர்களைத்தான் விற்றார்கள்" என்றாள். நான் படித்த பாடத்திலும் அது இருந்தது. வியாபாரிகளின் வீட்டில், ஆளுநரின் வீட்டில், கன்னியர் மடத்தில்கூட அடிமைகள் வேலை செய்தார்கள். மேலாளரிடம் கேட்டபோது, "அது எல்லைக்குத் தெற்கே நடந்தது" என்று மெல்லிய குரலில் சொன்னார். ஆகவே எங்கள் கிராமத்தில் யாரும் யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு கடை இருந்தது, எல்லோருக்கும் லாபம் வந்தது. எப்படி இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று தொப்பி வாங்க வருபவர்கள் கேட்டால், அவள் அழகாகச் சிரித்து, "விலைக்கு" என்பாள். முறைப்பாடு வந்தது. அவளைப் பேச்சுத் தேவைப்படாத பாண் போறணைக்கு மாற்றினார்கள். ஆகஸ்டில் அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தை இழுத்தது மரக்கோயிலில் நடக்கும் வாங்கு ஏலம். அந்தக் காலத்தில் கோயிலில் சனம் உட்காரும் நீள வாங்குகள் சும்மா கிடைப்பதில்லை. முதல் வாங்கு நிலப்பிரபுவுக்கு. மிச்சத்தை, பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஏலம் கூறி வாடகைக்கு விடுவார்கள். ஆசீர்வதித்த பாணை யாருக்கு முதலில் நீட்டுவது என்பதற்காக வழக்குப் பேசியிருக்கிறார்கள். வாங்கு எடுக்க வழியில்லாதவர்கள் பின்னால் கதவோடு நிற்பார்கள். பாண்டிச்சேரிச் சீமாட்டியும் அங்கேதான் நின்றாள். அத்தனை மிளகு விற்றும் ஒரு வாங்கு எடுக்க அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை போலும்.

அப்படி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்க் கோயில் பங்கின் சபைத் தலைவர், தன் மனைவி பிள்ளைகளோடு உள்ளே வந்தார். அவர் வீடு விற்பனை முகவர். எங்கள் வெஸ்ட் ஐலண்ட் பகுதியில் தமிழர் வாங்கிய வீடுகளில் பாதி தன் கையால் போனது என்று அவரே சொல்லிக்கொள்வார். என்னைக் கண்டதும் திகைத்துப் போனார்.

"தங்கச்சி, உது என்ன கோலம்? வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை அண்ணை, வேலை."

"மிளகு விக்கவே யூனிவர்சிட்டிக்குப் போனீர்?"

அதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது. கூவுபவன் மணியடித்து இரண்டாம் வாங்கின் பெருமைகளை அடுக்கினான். பீடம் நன்றாகத் தெரியும், குளிர் காற்று வராது, நிலப்பிரபுவின் முதுகுக்கு நேர் பின்னால். தொழில் பழக்கத்தில் தலைவரின் கை தானாக உயர்ந்தது. மனைவி அதைப் பிடித்து இறக்கினார். "உது நடிப்பப்பா!"

ஏலம் முடிந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"அப்ப காசு குடுத்தவன் முன்னுக்கு?"

"ஓம் அண்ணை."

"ஃபாதர்மார் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவைக்கும் கோயில் கூரை ஒழுகுமெல்லே."

"பிரெஞ்சுக்காரர் மட்டுந்தானோ உப்பிடி?"

புதிதாகப் படித்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "இங்கிலிஷ்காரரும்தான். தெற்கை பொஸ்டன் பக்கத்தில ஒரு கமிட்டி போட்டு, ஆருக்கு எவ்வளவு சொத்து, என்ன வயசு, என்ன மதிப்பு எண்டு பாத்து, ஆர் எந்த வாங்கில இருக்கிறதெண்டு முடிவெடுப்பினம்" என்றேன்.

கமிட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

செப்டம்பரில் கோயில் நிலவறை மண்டபத்தில் பங்குக் கூட்டம். எங்கள் தமிழ்ப் பூசை ஒரு பழைய பிரெஞ்சுக் கோயிலில் ஞாயிறு பின்னேரங்களில் நடந்தது. பிரெஞ்சுச் சனம் வருவது குறைந்து கோயில் காலியாகக் கிடந்ததால் எங்களுக்கு இடம் கிடைத்தது. கூரை திருத்துவதற்கு நாங்களும் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. தலைவர் எழுந்தார்.

"முன்வாங்குகளை வருசத்துக்கு வாடகைக்கு விடுவம். இது என்ர யோசனை இல்லை. இந்த நாட்டின்ர வரலாறு. நாங்கள் வந்த நாட்டின்ர மரபை மதிக்க வேணும். தங்கச்சி யூனிவர்சிட்டியில படிச்சது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணை, அது பிழையான வழக்கமெண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை" என்றேன்.

"பாத்தீங்களோ, படிப்பிச்சவையாம்!" என்றார் தலைவர்.

ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் சுவாமியாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவரை ஏற்றி இறக்குவது தலைவர்தான். ஆகவே அவருடைய எதிர்ப்பு மிகவும் மென்மையாக வந்தது. "விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில இருக்கச் சொல்லித்தானே ஆண்டவர் சொன்னவர்..."

"அதுக்கும் இடம் ஒதுக்கியிருக்கு, ஃபாதர். பின்னுக்கு."

கமிட்டி அமைந்தது. வாடகைக்குப் பணம் மட்டும் போதாது, தகுதியும் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். தகுதி என்றால் என்ன என்று சண்டை வந்தது. உணவகம் வைத்திருந்த ஒருவர், "நான் எண்பதுகளில கடலில அலைஞ்சு வந்தனான். பேந்து பிளேனில வந்தவையும் நானும் ஒண்டோ?" என்று மேசையில் தட்டினார். பிளேனில் வந்த ஒரு பொறியியலாளர் படிப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்டார். ஒரு தாய், மருமகனின் டாக்டர் படிப்பைத் தன் கணக்கில் சேர்க்கலாமா என்று விசாரித்தார். "ஊர்" என்றும் ஒன்றைக் கவனிப்பதாகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. பொஸ்டன்காரர் மூன்று தலைமுறையாகச் சண்டை பிடித்துக் கண்டுபிடித்ததை எங்கள் ஆட்கள் தேத்தண்ணி ஆறுமுன் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அக்டோபரில் முதல் ஞாயிறு. முன்வாங்குகளில் குடும்பப் பெயர்கள் ஒட்டப்பட்டிருந்தன. பூசை தொடங்கியபோது அந்த வாங்குகளில் ஒருவருமே இல்லை. இடம் நிச்சயமான பிறகு நேரத்துக்கு வருவானேன்? பின்னால் குழந்தை வண்டிகளும் சனமும் நெருக்கியடித்து நிற்க, சுவாமியார் வெறும் பலகைகளைப் பார்த்துப் பிரசங்கம் வைத்தார்.

வெறும் பலகை என்பது முழு உண்மை இல்லை. இரண்டாம் வாங்கின் ஓரத்தில் ஒரு கிழப் பிரெஞ்சுப் பெண் இருந்தார். பிரெஞ்சுப் பூசையைக் குறைத்த நாளிலிருந்து அவர் எங்கள் பூசைக்கு வருவார். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்புவார், முழந்தாளிட வேண்டிய இடத்தில் முழந்தாளிடுவார். நாங்கள் அவரை மடாம் என்போம். அவர் இருந்தது தலைவரின் வாங்கு.

பிரசங்கம் முடியும் நேரத்தில் தலைவர் வந்தார். பின்னால் பட்டுச்சேலையில் மனைவி, இரண்டு மகள்மார். வாங்கைக் கண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சி, நீர்தானே பிரெஞ்சு கதைப்பீர். மனிசிக்கு ஒருக்கால் பண்பாச் சொல்லும்" என்றார்.

நான் போய் மடாமின் அருகில் குனிந்து, இந்த இடம் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார்.

"வாடகைக்கா?"

"ஆம்."

"திரும்பவுமா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கோயிலில் எல்லா வாங்குக்கும் வாடகை. அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார், நிறையப் பிள்ளைகள். நாங்கள் அந்தக் கதவோடு நின்றோம். இது மருந்துக்கடைக்காரரின் வாங்கு. அவருடைய மகள் என் வகுப்பு. திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். வாடகையை நிறுத்தியதும் அம்மா எங்களைக் கூட்டி வந்து இதில்தான் இருத்தினாள். அன்றைக்குப் பூசை முடியும் வரை அம்மா முதுகைச் சாய்க்கவே இல்லை." சற்று நிறுத்திவிட்டு, "நான் எழும்ப வேண்டுமா?" என்று கேட்டார்.

நான் பதினெட்டாம் நூற்றாண்டு வழக்கம் என்று படித்து, பரீட்சை எழுதி, மூடி வைத்த ஒன்று இந்த மனுஷியின் பிள்ளைப் பருவம் வரைக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"என்னவாம்?" என்றார் தலைவர், என் முதுகுக்குப் பின்னால்.

ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி, "எழுப்பாதேங்கோ. பாவம்" என்று சொல்லிவிட்டு மடாமுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். மகள்மாரும் இருந்தார்கள். வாங்கு நிறைந்துவிட்டது. மற்ற முன்வாங்குகள் காலியாகவே கிடந்தன. ஆனால் அவற்றில் வேறு பெயர்கள் ஒட்டியிருந்தன. சட்டம் போட்டவரே அதை மீற முடியுமா? தலைவர் பின்னால் வந்து, ஒரு குழந்தை வண்டிக்கும் எனக்கும் நடுவில், கதவோடு நின்று பூசை கண்டார்.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தைக் கைவிடுவதாக அவரே சொன்னார். காரணம் சொல்லவில்லை. கமிட்டியில் இருந்தவர்கள்தான் கோபப்பட்டார்கள். உணவகக்காரர், கடலில் வந்ததற்கு மதிப்பில்லாத பங்கு தனக்கு வேண்டாம் என்று சொல்லி இரண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை. அதற்குள் சேர்ந்த பணத்தில் கூரையின் ஒரு பகுதியைத் திருத்தியிருந்தார்கள். முன்வாங்குகளுக்கு மேலே இருந்த பகுதியை.

பெயர் ஒட்டியது இலகு, எடுப்பதுதான் கஷ்டம். பசை விடவில்லை. ஒரு சனிக்கிழமை தலைவரின் மனைவியும் நானும் வினாகிரியும் பழந்துணியும் கொண்டு போய்ச் சுரண்டினோம். பாதியில் அவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இவரை ஒரு மாதிரி நினையாதையும் பிள்ளை. ஊரில இவையின்ர ஆக்கள் கோயிலுக்குப் பக்க வாசலாலதான் போகலாம். நிலத்திலதான் இருக்கலாம். ஒருநாள் சின்னவயசில தெரியாம ஒரு வாங்கில ஏறி இருந்திட்டாராம். இழுத்து வெளியில விட்டவங்களாம்."

நான் தொடர்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நான் மனதுக்குள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் வரிசையாக ஞாபகம் வந்தது.

"எனக்கும் கலியாணம் கட்டிப் பேந்துதான் சொன்னவர். பிள்ளையளுக்கு இன்னும் தெரியாது. நீரும் சொல்லாதையும்."

"இல்லையக்கா."

அதன் பிறகு தலைவரைக் காணும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அது அதிக நாள் நீடிக்கவில்லை. பனிக்காலம் தொடங்கிக் கோயில் முற்றத்தில் கார் நிறுத்த இடம் குறைந்தபோது, வாசலுக்குக் கிட்ட யார் நிறுத்துவது என்று தீர்மானிக்க அவர் ஒரு கமிட்டி போட்டார். என் கணவரையும் அதில் சேர்த்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பதவியைச் சொன்னபோது என் கணவரின் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கண்டதில்லை.