நான் பேசினால் வரும் சலங்கை

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழி மாதம். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வாடகைக்கு விடுகிற பழைய பங்களாவில் நான் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அங்கேயே தோட்ட வேலை. குடியிருப்பு கீழே, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில். பல நாள் பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாமல் போகிற காலம் அது.

பள்ளிக்கூடப் படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் ஆட்களோடு பேசிப் பேசிக் கற்றதுதான். ஆள் கிடைக்காவிட்டால் பானை சட்டியோடு பேசுவேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் கொழுந்து பறிக்கிற சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். "அந்த வாய்க்கு ஒரு நாளைக்காவது லீவு குடு மதினி, பாவம்" என்பாள்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் மூன்று மாதத்துக்குப் பங்களாவை எடுத்தார். மரியாதையான மனிதர், தமிழும் நன்றாகப் பேசுவார். வேனிலிருந்து கடைசியாக, துணி போர்த்திய ஒரு பெட்டியைத் தாமே இறக்கினார். உள்ளே ஒரு ராஜாளி. காட்டில் இருக்குமே, தலையில் கொண்டை வைத்த பெரிய ராஜாளி, அதுதான். அதன் இரண்டு காலிலும் தோல் வார். வாருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பித்தளைச் சலங்கை. கண்ணை மூடித் தோலில் ஒரு குல்லா.

"இத வச்சிருக்கலாமா சார்?" என்று கேட்டேன். அவர் ஒரு அட்டையைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது, அவர் படமும் இருந்தது. "வெளிநாட்டுல இதுக்குச் சங்கமே இருக்கும்மா. பருந்த வச்சு வேட்டை பழக்குறது ராஜா காலத்துக் கலை" என்றார். படம் ஒட்டின அட்டை என்றால் அரசாங்கத்து அட்டைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதைப் பின்னறையில் ஒரு கட்டையில் உட்கார வைத்திருந்தார். நான் கூட்டப் போவேன். கால் சத்தம் கேட்டதும் அந்தக் குல்லா போட்ட தலை மெதுவாகத் திரும்பும். நான் வலப்பக்கம் போனால் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். கண் தெரியாத ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். பயத்தைப் போக்கிக்கொள்ள அதோடும் பேச ஆரம்பித்தேன்.

தினமும் காலையில் என் சமையலறைத் தராசில் வைத்து அதை நிறுப்பார். கொஞ்சம் கூடியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. "பசி இருந்தாத்தான் நான் விசிலடிச்சா என் கைக்கு வரும். வயிறு நிறைஞ்சா அதுக்கு நான் யாரோ. ஒரு துண்டுகூட நீங்க குடுத்துறாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். பின்னேரத்தில் பங்களாவுக்குக் கீழே உள்ள புல்தரையில் குல்லாவைக் கழற்றிப் பறக்க விடுவார். அது மரத்துக்குப் போகும். விசிலடித்து, உறை போட்ட கையில் இறைச்சித் துண்டை நீட்டுவார். சலங்கை கலகலக்க வந்து இறங்கும்.

நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில் ஒன்றைப் பட்டினி போட்டு வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, நகத்தளவு இறைச்சியை அதன் காலருகே வைப்பேன். "தின்னு சாமி, தின்னு" என்பேன். குல்லாவோடேயே குனிந்து கொத்தித் தின்னும். அது என் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும்.

ஒரு நாள் அவர் நுவரெலியாவுக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கோழிக்கறி. ஈரல், நெஞ்சு, கழுத்து என்று வாரிக் கொடுத்தேன். அதன் தொண்டைக்குக் கீழே பை மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு மனம் குளிர்ந்தது. அவர் நாலு மணிக்கு வந்தார். பனி இறங்குகிற அவசரத்தில் நிறுத்துப் பார்க்காமல் பறக்க விட்டார். போய் மரத்தில் உட்கார்ந்தது. விசிலடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பனிக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் சலங்கை கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் காலையில் வேனில் சாமான் ஏற்றிவிட்டார். "யாராச்சும் கேட்டா, சும்மா ஓய்வெடுக்க வந்தார்னு சொல்லுங்கம்மா" என்றார். நான் அவருக்கு என் தப்பைச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "கால்ல வார் இருக்கே சார், மரத்துல மாட்டிக்காதா?"

வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். "மாட்டும். மாட்டினா தலைகீழாத் தொங்கும். அதுவா அவுத்துக்க முடியாது" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் போன் வேலை செய்யவில்லை.

வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "கேஸ் கீசுன்னு வந்தா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிரும். வாய மூடிக்கிட்டு இரு" என்றார். என் ஆயுசில் யார் சொல்லியும் மூடாத வாயை அன்றைக்கு மூடினேன்.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் பயந்துபோய் லயத்துக்கு வந்தார்கள். மேட்டு மலையில், பனிக்குள், தலைக்கு மேலே சலங்கை சத்தம் கேட்டதாம். ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. இந்தப் பக்கம் கேட்டது, கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கேட்டதாம். "முனி சலங்கை கட்டிக்கிட்டு எல்லை சுத்துது" என்றாள் ஒருத்தி. "நடந்தாத்தான் சுத்துறது. இது பறக்குதே" என்றாள் இன்னொருத்தி. மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் அந்த மலைக்குப் பெயர் கொடுத்தபோது யாரும் நகரவில்லை. கங்காணி அதட்டி அனுப்பினார். கொழுந்தில் கை வைக்கும்போது "பொலி, பொலி" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த வாரம் முழுக்க யாரும் வாயைத் திறக்காமல் பறித்தார்களாம்.

எனக்கு அது எதன் சலங்கை என்று தெரியும். அதனால் பயமில்லை என்றுதான் இருந்தேன், ஒரு பகல் சிநேகிதியோடு பங்களாப் பாதையில் நடந்து வரும்வரை. பக்கத்தில் வந்தவள் ஒரு நிழல் மாதிரித்தான் தெரிந்தாள். அவ்வளவு பனி. நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தேன். தூரத்தில் கிலுங்கென்றது. நான் பேச்சை விடவில்லை. சத்தம் நெருங்கியது. தலைக்கு நேர் மேலே வந்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று. இறக்கைக் காற்று நெற்றியில் பட்டது. நான் பேச்சை நிறுத்தினேன். சற்றுப் பொறுத்து அது விலகிப் போனது. "யாரது?" என்று சிநேகிதியை நோக்கித் திரும்பினேன், எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி. அவ்வளவுதான். கிலுங் கிலுங்கென்று திரும்பி வந்தது.

அவள் என் கையை உதறினாள். "மதினி, நீ பேசுனா வருது" என்றாள். ஓட்டமாய் ஓடிவிட்டாள்.

பசித்த பறவை தன்னை ஊட்டிய குரலைத் தேடி வருகிறது. அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் வெளியே வாய் திறக்கவே பயந்தேன். லயத்தில் அதற்குள் கதை பரவிவிட்டது. "முனி அவளத்தான் கேக்குது" என்றார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடிக்கு நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லோரையும் பேச வைக்கிற நான், ஆள் இல்லாத பீலியடியில் ஊமையாய் நின்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், பின்னேரம் மூன்று மணி. மேட்டு மலைக்கு மேலே, ஓடை விழுகிற பக்கமிருந்து சலங்கை கேட்டது. இந்த முறை நகரவில்லை. ஒரே இடத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும், நிற்கும். மறுபடி அடிக்கும், நிற்கும். 'அதுவா அவுத்துக்க முடியாது' என்று அவர் சொன்னது காதில் ஓடியது.

அன்றைக்கு ஆறு மணிக்கு எனக்கு முனி ஓட்டக் கோடாங்கியைக் கூப்பிட்டிருந்தார்கள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே! போய் உட்கார்ந்தேன். சாம்பிராணிப் புகை. உடுக்கைச் சத்தம். சுற்றிலும் லயத்துச் சனம். உடுக்கை நிற்கிற இடைவெளியில் எல்லாம், மேலே மலையிலிருந்து மெல்லிசாக அந்தச் சலங்கை. கூட்டம் அப்படியே உறைந்துபோய்க் கேட்டது.

கோடாங்கி வேப்பிலையால் என் தலையில் அடித்தார். "யாரு நீ? எங்கருந்து வந்த? பேசு! உள்ளத ஒளிக்காமப் பேசு!"

பேசியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை ஆண்களும் டார்ச் எடுத்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். கூட்டத்தில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். நான் குனிந்துகொண்டேன்.

"கல்லு முனி. பேசாது" என்று கோடாங்கி சொல்லிவிட்டார். கையில் கறுப்புக் கயிறு கட்டி அனுப்பினார்கள்.

விடியும்போது சலங்கை எப்போதாவது ஒரு முறைதான் கேட்டது. அதற்கு மேல் தாங்கவில்லை. சிநேகிதி வீட்டுக் கதவைத் தட்டி, வாசலில் நின்றபடியே ஈரல் கொடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் வாய் பிளந்து கேட்டாள். பிறகு பிடித்தாள் ஒரு பிடி. "அடிப் பாவி மதினி! மூணு வாரமா என் வயித்துல புளியக் கரைச்சிருக்கியே! நேத்து ஒனக்காக நான் முனிக்குச் சேவல் நேந்திருக்கேன், தெரியுமா?" சொல்லிக்கொண்டே கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். "நட, நட. அழுறத ஏறிக்கிட்டே அழு."

ஓடைக்கு மேலே ஒரு பட்ட மரம். கிளை நுனியில் அது தொங்கியது. ஒரு கால் வாரில் மாட்டி, தலை கீழே, இறக்கை இரண்டும் விரிந்து, நனைந்த சாக்கு மாதிரி. கண் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. குல்லா இல்லாமல் அந்தக் கண்களை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் ஏற முடியாத கிளை. கீழே பாறை. சிநேகிதி ஒரு அடி வைத்ததும் அது துடித்தது, வார் இன்னும் இறுகியது.

வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அங்கிருந்தே போன் செய்தேன். வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. அவர்கள் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை மரத்தடியில் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். பேசினால் அது துடிக்காமல் கிடந்தது. என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. அரிசி விலை, என் பிள்ளைகள், லயத்துச் சண்டை, வாயில் வந்தது எல்லாம். பனி மறைத்து மறைத்து விலகியது. ஒவ்வொரு முறை விலகும்போதும் அந்தக் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏணியோடு வந்தார்கள். ஒருவர் ஏறி, துவாயால் போர்த்தி, வாரை அறுத்து இறக்கினார். கூட வந்த அதிகாரி சிங்களக்காரர், தமிழ் தெரிந்தவர். அட்டையைப் பற்றிச் சொன்னேன். "அது வெளிநாட்டுச் சங்கத்து அட்டையா இருக்கும்மா. சில நாட்டுல பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து வளக்கிறாங்க. இங்க அந்த மாதிரி லைசன்ஸ் யாருக்கும் கெடையாது. இத குஞ்சா இருக்கும்போதே காட்டுக் கூட்டுல இருந்து எடுத்திருப்பாங்க. பிடிச்சது தப்பு, வச்சிருந்தது தப்பு" என்றார்.

"நான் தீனி போட்டதாலதான் சார் போச்சு" என்று அழுதேன்.

"பசிச்சதுக்குச் சாப்பாடு குடுத்தீங்க. அதுக்கு நான் என்ன எழுதுறது?" என்றார். பேனாவை எடுத்தார். "எப்ப இருந்து தொங்குது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நேத்து மூணு மணியில இருந்து சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற சிநேகிதியும் பார்த்தாள். அவர் எழுதிக்கொண்டார்.

வாக்குமூலம் கொடுத்தேன். கோர்ட்டில் அந்தக் கொழும்பு மனிதருக்கு எதிராகச் சாட்சியும் சொன்னேன். பங்களாவுக்கு இனி வர வேண்டாம் என்றார்கள். இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு வேலை போகவில்லை. சிநேகிதி நேர்ந்துகொண்ட சேவலை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், விடமாட்டேன் என்றுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அதிகாரி போன் செய்தார். பறவை பிழைத்துவிட்டது. ஆனால் ஒரு கால் இரவெல்லாம் வாரில் இறுகிக் கிடந்ததில் செத்துப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். ஒற்றைக் காலோடு அது வேட்டையாட முடியாது, காட்டில் விட முடியாது. இருக்கிற வரைக்கும் கூண்டுதான்.

"நல்லாத் திங்குதா சார்?" என்று மட்டும் கேட்டேன். திங்குது என்றார்.

எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறேன், எதற்கும் இப்படி வருந்தியதில்லை. அந்த ஒரு சாயங்காலம் ஊரே சுற்றி நின்று பேசு பேசு என்றபோது பேசாமல் இருந்ததற்கு, வேறொரு உயிரல்லவா காலைக் கொடுத்தது என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.