கூப்பிடக் கூடாத நம்பர்

போன வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. சுற்றுவட்ட நூலகங்களின் அலுவலக வேலைகள் எல்லாம் கடலூரில் ஒரே அறைக்கு வந்தன. அங்கே கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

2. புத்தகத்தைத் திருப்பித் தராத அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். ஒரே பட்டன். பெருமையாகக்கூட இருந்தது.

3. சிதம்பரம் கிளை நூலகர் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏம்மா, கவிதாவுக்குமா அனுப்பிட்ட?”

“எல்லாருக்கும் போயிருக்குக்கா.”

“போச்சு. அது அவ புருஷன் நம்பரு.”

கவிதா புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வருபவர். (பெயர், ஊர் எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று உங்களுக்கே புரியும்.) வீட்டில் சொல்லியிருப்பது டெய்லரிங் கிளாஸ். வந்து உட்காருவது நூலகத்தில் – அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க. தேர்வு அடுத்த மாதம். நூலகப் புத்தகம் ஜாக்கெட் துணிக்கு அடியில், பைக்குள் ஒளிந்து போகும், வரும்.

போன முறை படிப்பது தெரிந்தபோது அவருடைய புத்தகங்களை வெந்நீர் அடுப்பில் வைத்தவர் கணவர்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?”

“பேரு கேட்ட, குடுத்தேன். நம்பரு கேட்ட, குடுத்தேன். கூப்புடலாமான்னு கேட்டியா?”

கேட்கவில்லை. கம்ப்யூட்டர் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே நான் வைக்கவில்லை. கவிதா புத்தகம் தரத் தாமதித்தால் அக்கா போனைத் தொட மாட்டார். அவர் வரும் வரை காத்திருந்து, நேரில் சொல்வார்.

“இப்படி எத்தனை பேர் இருக்காங்கக்கா?”

“ஜாஸ்திம்மா. ஏசி ரூம்ல உக்காந்தா எங்க தெரியும்?”

வேலையை ஒரே இடத்துக்கு மாற்றிவிடலாம். அதைச் செய்தவரின் ஜாக்கிரதையை எந்த ஃபைலில் போட்டு மாற்றுவது?

“தவறுதலா வந்த மெசேஜுன்னு இன்னொன்னு அனுப்பட்டுமாக்கா?”

“அய்யய்யோ! மொதல்ல வந்தத அவன் பாக்காம வுட்டிருந்தான்னா? நீயே காட்டிக் குடுப்பியா? சும்மா இரும்மா.”

சும்மா இருக்க எனக்கு வரவில்லை. ஸ்கிரீனில் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் – ‘டெலிவர்ட்’. போய்ச் சேர்ந்துவிட்டது, சரி. படித்தாரா? படித்துவிட்டு என்ன செய்தார்...? கம்ப்யூட்டர் சொல்லாது. கவிதாவிடம் கேட்கலாம் என்றால், எங்களிடம் இருப்பது ஒரே ஒரு நம்பர்.

அதே நம்பர்.

இன்றைய நிலை: எஸ்.எம்.எஸ். நிறுத்தியாயிற்று. ‘கூப்பிடலாமா?’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாயிற்று. புவனகிரி பஸ் வரும் நேரத்தில் ஸ்டெல்லா அக்கா வாசலுக்கு வந்து நிற்கிறார்.

புத்தகம் இன்னும் திரும்பவில்லை. கவிதாவும் வரவில்லை.