எந்தக் கருப்பையா?

"கருப்பையா காலமானார்" என்று நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் காலையில் செய்தி வந்தது. அடுத்த நிமிடமே, "எந்தக் கருப்பையா?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கணிதத் துறையில் ஒருவர், அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர் ஒருவர், வாசலில் வாட்ச்மேன் ஒருவர் என்று நம்மிடம் கருப்பையாக்களுக்குப் பஞ்சமில்லை. குலசாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற ஊரில் வேறெப்படி இருக்கும்? "கம்ப்யூட்டர் லேப் கருப்பையா, மணமேல்குடி. மாரடைப்பு" என்று பதில் வந்தது. என்னோடு வேலை பார்த்த கருப்பையா.

நானும் அவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்வது எங்கள் இருவர் பொறுப்பு. எனக்கு முன்கோபம், அவருக்குப் பிடிவாதம். சண்டை போடாமல் ஒரு வாரம் போனதாக ஞாபகமில்லை. கடலோரத்து மணமேல்குடிக்குப் போய்விட்டு அவர் திங்கட்கிழமை வந்தால், பையிலிருந்து கருவாட்டு வாசம் ஏசி அறை முழுக்கச் சுற்றும். "ஒங்களுக்குத்தான் மேடம் கொண்டாந்தேன்" என்பார். அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கைச் சர்வரிலிருந்து நீக்க அவர் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது சின்னக் கட்டளை நிரல், எழுதி வைத்திருந்தார். பெயரைக் கொடுத்தால் போதும், சர்வரில் உள்ள பயனர் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அதுவே நீக்கிவிடும். அலுவலகக் கருப்பையா ஓய்வு பெற்றபோது நம்மவர் அதை ஓட்டினார். ஓய்வு பெற்றவர் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அவருக்கு வெறும் கருப்பையா என்ற பயனர் பெயரே கிடைத்திருந்தது. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அதே பெயரோடு கடைசியில் இனிஷியல். ஸ்கிரிப்டில் ஒப்பிடும் இடத்தில், பெயருக்குப் பின்னால் நம்மவர் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார். அப்படிப் போட்டால், 'கருப்பையா என்று தொடங்குகிறவர் யாராக இருந்தாலும்' என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். ஒரே அடியில் எல்லாக் கருப்பையாவும் காலி. திரையைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"என்னையும் சேத்துத் தூக்கிருச்சுங்க மேடம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கணிதத் துறைக் கருப்பையா சாரின் முனைவர் பட்ட ஆய்வேடு, அழிந்துபோன அவர் கணக்கில்தான் இருந்தது. பேக்கப்பில் பழைய பிரதிதான் கிடைத்தது. கடைசியாக எழுதிய அத்தியாயம் போயே போய்விட்டது. இவர் நேராக அவர் அறைக்குப் போய், "என்னோட தப்புதாங்க சார். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சாயங்காலங்களில் சார் கையெழுத்துக் குறிப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒன்றும் புரியாத கணக்கையெல்லாம் இவர் அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வேடு குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. நம்மவர் இறந்த அன்று மணமேல்குடி வீட்டில் முதல் ஆளாகப் போய் நின்றவர் அந்தக் கருப்பையா சார்தான்.

கணக்குகள் அழிந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஸ்கிரிப்டில் ஒப்பிடும் நிபந்தனையை அவர் திருத்தி எழுதினார். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து, முழுதாகச் சமமாக இருந்தால் மட்டும் நீக்கு என்று மாற்றினார். "மாதிரி இருக்கான்னு கேக்கக் கூடாது மேடம். அவருதானான்னு கேக்கணும்." அதோடு விடவில்லை. நீக்குவதற்கு முன்னால், போகிறவரின் முழுப் பயனர் பெயரையும் கையால் அடிக்கச் சொல்லிக் கேட்கும்படி வைத்தார். எதற்கு இந்த இழுவை என்று நான் கத்தினேன். "அடிக்கிற நேரத்துலயாச்சும் அந்த ஆளு நெனப்பு வரட்டுமே" என்றார். பெயர் அடிக்காமல் வெறுமனே என்டர் தட்டினால் என்ன ஆகும் என்றும் யோசித்து, அதற்கும் ஒரு நிபந்தனை எழுதினார்.

அவர் காரியம் முடிந்த மறுநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "கருப்பையா அக்கவுண்ட எடுத்துரும்மா, ஆடிட் வருது" என்றார். சரிங்க சார் என்று வந்து உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டினேன். முழுப் பெயரை அடிக்கவும் என்று திரை கேட்டது. அவர் பெயரை அடிக்க மனம் வரவில்லை. வெறுமனே என்டர் தட்டினேன்.

'பெயர் சொல்லவில்லை. யாரையும் நீக்கவில்லை' என்று வந்தது.

அவர் எழுதிய வரி. மேசையில் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதேன்.

அடுத்த நாள், நீக்க வேண்டியது என் வேலை என்பதால், இனிஷியல் உட்பட முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அவர் சொன்னது சரிதான், அந்த நேரம் முழுக்க அவர் நினைப்புதான். கணக்கு போய்விட்டது, மற்றக் கருப்பையாக்கள் அனைவரும் பத்திரமாக இருக்கிறார்கள். அந்த ஸ்கிரிப்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு நான் போகும்போது, யாராவது என் பெயரையும் முழுதாக அடிக்கட்டும்.