எல்லோருக்கும் ஒன்றாம் நம்பர் அடுப்பு

தாராவியில் பொங்கலன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் மெயின் ரோட்டில் வரிசையாகச் செங்கல் அடுப்பு போட்டுப் பொங்கலிடுவார்கள். தையல் கார்கானாவில் ஓவர்டைம் முடித்து அம்மா சங்கத்தில் பெயர் கொடுக்கப் போவதற்குள் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். வருஷாவருஷம் கழிப்பறைச் சுவரோரம் கடைசி அடுப்புதான். இந்தத் தடவை பெயர் பதியும் வலைப்பக்கத்தைச் செய்யச் சங்கத்தில் என்னிடம் சொன்னார்கள். மேடைக்கு நேரெதிரே முதல் அடுப்பு அம்மாவுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

செய்து முடித்துப் பக்கத்தைத் திறந்தால் உச்சியில் நீளமாக ஓர் எச்சரிக்கை. பதிந்தவர்களை எண்ணி வைக்கும் ஃபைலைத் திறக்க முடியவில்லையாம். சங்கச் செயலாளர் மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“என்னம்மா இது, தொறந்ததும் இங்கிலீஷ்ல ஏசுது?”

நான் பக்கத்தை எழுதிய பி.எச்.பி. என்ற கணினி மொழியில் ஒரு கட்டளைக்கு முன்னால் @ போட்டுவிட்டால், அது தவறினாலும் மூச்சு விடாது. ஃபைலைத் தொடும் இடமெல்லாம் @ போட்டேன். ஏச்சு நின்றது. அம்மாவின் பெயரைப் பதிந்தேன். ‘உங்கள் அடுப்பு எண் 1’ என்று வந்தது. வீட்டுக்குள் ஓர் ஆட்டமே போட்டேன். இரண்டாவதாக ஒரு பெயரையும் பதிந்து பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

பொங்கலன்று மேடைக்கு முன்னால் ஒரே கூச்சல். பானையும் கரும்புமாக அத்தனை பெண்கள். அத்தனை பேர் மொபைலிலும் எண் 1. ஃபைல் திறக்காததால் கணக்கு பூஜ்யத்திலேயே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றை வாரி வழங்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக்கை வாங்கினேன்.

“தப்பு எம்மேலதான். எரர் வந்துச்சு, மறைச்சிட்டேன்.”

“அப்போ நாங்க எல்லாருமே ஃபர்ஸ்ட்டா? சலோ!” என்று ஒருத்தி கத்த, ரோடே சிரித்தது. செயலாளர் மைக்கைப் பிடுங்கினார்.

“யாரு முதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு முதல் அடுப்பு!”

முதல் அடுப்பில் அம்மா ஏற்கெனவே பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“அம்மா, ஒனக்குன்னு தனியா ஒண்ணும் குடுக்கல. எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“தெரியும்ட்டி. நேத்தே பக்கத்து வீட்டுக்காரி அவ நம்பரக் காட்டுனா. நான் என் நம்பரக் காட்டல. அதான் எல்லாருக்கும் முன்னாடி வந்து கல்லப் போட்டுட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“நீ அம்புட்டுச் சந்தோசமாத் திரிஞ்ச. எப்படிட்டி சொல்ல?”