மதகுக் குடிசையின் போன்

கோலா சிலாங்கூரில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் கம்பெனியின் கிளை ஆபீசில் தங்கமணிக்குத் தெரியாத குரல் கிடையாது. எஸ்டேட்டில் யார் போனைத் தூக்கினாலும் அவளுடைய டெலிபோன் போர்டில்தான் விளக்கு எரியும். வயரைச் செருகி, "சொல்லுங்க" என்பாள். எஸ்டேட்டுக் கூலி லயத்தில் பிறந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். எரியட்டும், கொஞ்சம் எரிந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அவள் புருஷன் செல்லன் கடலோர மதகுக்குக் காவல். கடல் ஏறும்போது மதகுக் கதவை இறக்காவிட்டால் உப்புத் தண்ணீர் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்துவிடும். கதவின் கைப்பிடியை இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் சுற்ற வேண்டும். அவனுக்கு முன்னால் அங்கே இருந்த சன்னாசி ஒரு நாள் தனியாகச் சுற்றப்போய், கைப்பிடி திருப்பி அடித்துக் கால்வாயில் விழுந்தார். பிணமாகத்தான் எடுத்தார்கள். அதிலிருந்து தங்கமணிக்கு அந்த ஒரே பயம். நீர் ஏறத் தொடங்கியதும் செல்லன் குடிசைப் போனைத் தூக்குவான், அவள் ஆள் அனுப்பச் சொல்வாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வரும்.

எண்பத்தொன்பதில் கம்பெனிக்குப் புது ஆசை பிறந்தது. கோலா சிலாங்கூர் ஆபீசையும் ஜெராம் ஆபீசையும் டிஜிட்டல் டிரங்க் லைனால் இணைத்தார்கள். இனி யாரும் யாரையும் நேராக அழைக்கலாம், நடுவில் ஆள் வேண்டாம். ராவாங்கிலிருந்து வந்த டெக்னிஷியன் ராஜு ஒரு காலையில் அவளுடைய போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினான். அவள் மேசையில் பட்டன் போன் ஒன்று வந்து உட்கார்ந்தது. மேனேஜர் ஜெராமுக்குப் பேசிப் பார்த்து, பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருக்கிறது என்று பூரித்துப்போனார்.

பிற்பகலில் தேநீர் டம்ளரைக் கழுவும்போது தங்கமணிக்குச் சுரீர் என்றது. இன்று பௌர்ணமி, கடல் பெருகும் நாள். இந்நேரம் செல்லன் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மதகு போன் வேலை செய்கிறதா என்று ராஜுவிடம் ஓடினாள். ஒன்பதை அழுத்தினால் நேராக உங்களுக்கே வரும் என்றான் அவன்.

"அதுல அழுத்துறதுக்கு ஒண்ணுமே இல்லலா தம்பி. தூக்குனா நான் பேசுவேன், அவ்வளவுதான்."

ராஜுவின் முகம் வெளுத்தது. அவன் மதகு வரை போய்ப் பார்க்கவே இல்லை. சரிசெய்ய நேரமாகும் என்று ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே ஓடினான்.

கடல் காத்திருக்குமா? மதகுக்குப் பக்கத்திலிருக்கும் ஜெராமை அழுத்தினாள். அங்கே வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன் ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரியில் மதகுக்கு விரைந்தார். தங்கமணி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாகச் சுற்றியிருப்பான், அந்த முரட்டு மனுஷன் சும்மா இருக்க மாட்டான். சன்னாசியின் ஊதிப்போன முகம் கண்ணை விட்டுப் போக மறுத்தது.

போன் அடித்தது. மண்டோர் ஜெராம் ஆபீசுக்குத் திரும்பியிருந்தார்.

"குடிசையில ஆளில்ல தங்கச்சி. போன் தொங்குது. மதகுக் கதவு தொறந்தே கெடக்கு, தண்ணி உள்ள பாயுது. நம்ம ஆளுங்க கால்வாயில எறங்கித் தேடுறாங்க."

இரைச்சலே இல்லாத லைன். தப்பாகக் கேட்டுவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. போனை வைத்தவளுக்கு அழக்கூட வரவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்த சத்தம். முழங்கால் வரை சேறோடு செல்லன் ஓடி வந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு என்னாச்சு?" என்றான். போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தானாம். ஊ என்று ஒரு சத்தம்தான் வந்ததாம். "நீ பேசாம இருந்ததே இல்லையே. உனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு, மதகாவது மண்ணாங்கட்டியாவதுன்னு வந்துட்டேன்."

அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் தன் அறை வாசலில் வந்து நின்றார். மேசையில் போன் மறுபடி அடித்தது, ஜெராமாகத்தான் இருக்கும். சொன்னால், நீர் ஏறும் நேரத்தில் காவலை விட்டு வந்த செல்லனின் வேலை அதோடு போகும். சொல்லாவிட்டால், பெருகும் கால்வாயில் நாலு பேர் அவனைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

போனை எடுத்தாள்.

"எல்லாரையும் மேல வரச் சொல்லுங்கண்ணே," என்றாள். "அவரு இங்க என்கிட்டதான் நிக்கிறாரு."